லைன் வீடு: நூலில் பிறந்த ஒரு பெயர்

கோவை காந்திபுரம் நூறடி ரோட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தரும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. எங்கே சேர்ந்தாலும் ஆரம்பத்திலேயே ஒரு பயிற்சி வந்துவிடும். உங்கள் வீட்டையும் நீங்கள் குடியிருக்கும் பகுதியையும் ஆங்கிலத்தில் விவரியுங்கள் என்பார்கள். அதற்கான சொற்களைப் பாடப் புத்தகமே தந்துவிடும். லிவிங் ரூம், டைனிங் ஹால், பால்கனி, லான், கராஜ் என்று வரிசையாக இருக்கும். சிங்காநல்லூரிலிருந்தோ கணபதியிலிருந்தோ டவுன் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதில் ஒன்றுகூட உதவாது. அந்தப் பிள்ளை குடியிருப்பது லைன் வீட்டில். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தயங்கி, கடைசியில் 'ரெண்டட் ஹவுஸ்' என்று சொல்லி உட்கார்ந்துவிடும்.

வாடகை வீடு என்று சொன்னால் வாடகை தெரியும், வீடு தெரியாது. 'லைன்' ஆங்கிலச் சொல், 'வீடு' நம்முடையது. இருந்தும் இந்தப் பெயரை ஆங்கில வகுப்பில் சொல்லப் பிள்ளைகள் கூசுகிறார்கள். அது தப்பான இங்கிலீஷ், நம்மூர்க்காரர்கள் கெடுத்த இங்கிலீஷ் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு உண்மையல்ல. ஆங்கிலேயரே வைத்து, ஆங்கிலேயரே பல தேசங்களுக்குக் கொண்டுபோன பெயர் இது. அதன் பின்னால் நடந்து போனால் பட்டாளமும் தேயிலை மலையும் பஞ்சாலையும் வழியில் வரும்.

முதலில் பொருள். கோவை, திருப்பூர்ப் பக்கம் 'லைன் வீடு' என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ், ஒரே நீளச் சுவரில் முதுகைக் கொடுத்து ஆறோ எட்டோ பத்தோ வீடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு சமையற்கட்டு. கூரை பழைய லைனாக இருந்தால் ஓடு, அதற்குப் பிந்தியது சிமெண்ட் அட்டை, இப்போது கட்டுவது கான்கிரீட். முன்கதவெல்லாம் ஒரே பக்கம் திறக்கும். எதிரே நீளவாக்கில் ஒரே வாசல், அதில் வீட்டுக்கு வீடு தனிக் கோலம். கோடியில் குளியலறையும் கக்கூசும், இரண்டு வீட்டுக்கு ஒன்று என்றோ நாலு வீட்டுக்கு ஒன்று என்றோ இருக்கும். நுழைகிற இடத்துச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஈ.பி. மீட்டர்கள். மீட்டரை எண்ணினால் வீட்டை எண்ணிவிடலாம்.

வாடகைக்குக் கேட்டுப் போனால் பேச்சு இப்படி நடக்கும். "லைன்ல ஒரு வீடு காலியா இருக்குதுங்களா?" "இருக்குதுங்க, மூணாவது வீடு. எத்தனை பேருங்க நீங்க?" "நாங்க நாலு பேருங்க. தண்ணி எப்படிங்க?" "நல்ல தண்ணி குழாய்ல வர்ற அன்னிக்குப் புடிச்சு வெச்சுக்கோணும். உப்புத் தண்ணி எந்நேரமும் வருமுங்க. கரண்டு பில்லு தனிங்க." வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போது, "தோட்டத்தை வித்துப்போட்டு ரோட்டோரம் லைன் கட்டி உட்டுருக்கறாரு" என்பார்கள். அங்கே 'லைன்' என்ற ஒற்றைச் சொல்லே கட்டடத்தைக் குறித்துவிடுகிறது, 'வீடு' என்ற ஒட்டுகூடத் தேவைப்படுவதில்லை.

பயிற்சிக்கு வரும் பிள்ளை அகராதியைப் புரட்டினால் இன்னொரு சிக்கலில் மாட்டும். லைன் வீட்டுக்கு மிக நெருங்கிய இங்கிலாந்துச் சொல் 'டெரஸ்டு ஹவுஸ்'. ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகக் கட்டிய வீடு என்பது அதன் பொருள். கோவையிலோ 'டெரஸ் வீடு' என்றால் ஓட்டு வீட்டுக்கு எதிரானது, கான்கிரீட் கூரை போட்டது. மாடியில் வடகம் காயவைக்கலாம், துணி உலர்த்தலாம். அதனால் லண்டன்காரர் ஒருவர் தாம் டெரஸ் வீட்டில் வளர்ந்ததாகச் சொன்னால் நாம் மொட்டை மாடியை நினைத்துக்கொள்வோம். அவர் சொல்வது லைன் வீட்டை.

இந்தக் குழப்பம் கோவைக்கு மிகவும் பொருந்துகிறது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று இந்த ஊரை எத்தனையோ மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். அந்த அசல் மான்செஸ்டரின் பஞ்சாலைத் தொழிலாளிகள் குடியிருந்ததும் இந்த மாதிரி வரிசை வீடுகளில்தான். சில வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டியவை, பின்பக்கம் கதவோ சன்னலோ கிடையாது. 1845இல் வெளிவந்த தம் நூலில் எங்கெல்ஸ் அந்த வீடுகளையும் சாக்கடைகளையும் ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். முதுகொட்டிய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. ஆக, பெயரில் மட்டுமல்ல, வீட்டு வரிசையிலும் இரண்டு ஊரும் உறவுதான். அங்கே டெரஸ், இங்கே லைன். அப்படியானால் 'லைன்' எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச் செடி, அதன் நாரில் திரித்த நூல். அந்த நூலால் ஆன கயிறு 'லீனியா'. அதிலிருந்து பிறந்தது ஆங்கிலத்தின் 'லைன்'. நாரில் நெய்த துணியான 'லினன்' அதன் உடன்பிறப்பு. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு கிடைக்கிறது. அதனால் நூலின் பெயரே கோட்டுக்கும், கோட்டின் பெயரே வரிசைக்கும் ஆகிவிட்டது. இதைத் தமிழனுக்கு விளக்கவே வேண்டியதில்லை. கொத்தனார் இன்றும் நூல் பிடித்துத்தான் சுவர் எழுப்புகிறார். நேராக இருப்பதை 'நூல் பிடிச்ச மாதிரி' என்கிறோம். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே வழியில் யோசித்திருக்கின்றன. நூலுக்கே பேர்போன ஊரில், அதை நூற்றவர்கள் குடியிருந்த வீட்டுக்கு நூலிலிருந்து பிறந்த பெயர் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது நிறைவு தரும் தற்செயல்.

வரிசை என்ற பொருள் வீட்டுக்கு ஏறியது பட்டாளத்தில். கூடாரங்களை நேர் வரிசையில் அடிப்பது படை முகாமின் ஒழுங்கு. கூடாரம் போய்க் குடிசையும் பிறகு கட்டடமும் வந்த பின்னும் அந்த இடத்தின் பெயர் 'லைன்ஸ்' என்றே நின்றது. கம்பெனிப் பட்டாளத்தின் இந்தியச் சிப்பாய்கள் தங்கிய இடம் சிப்பாய் லைன்ஸ். வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த பகுதி சிவில் லைன்ஸ். டெல்லியிலும் அலகாபாத்திலும் இன்னும் பல வடநாட்டு ஊர்களிலும் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரில் ஊட்ரம் பக்கம், பொது மருத்துவமனை நிற்கும் இடத்துக்குப் பழைய பெயர் சிப்பாய் லைன்ஸ். தமிழ்நாட்டுப் பழைய ஊர்களில் போலீஸ்காரர் குடும்பங்கள் இருந்த வரிசை 'போலீஸ் லைன்'.

கொங்கு நாட்டுக்கு இந்த வழி புதியதல்ல. கவுண்டம்பாளையம், உப்பிலிபாளையம், வடகோவை தாண்டிப் போனால் மேட்டுப்பாளையம் என்று இங்கே திரும்பின பக்கமெல்லாம் பாளையம். படை வந்து தங்கும் இடத்துக்குப் பாளையம் என்று பெயர். இன்று உப்பிலிபாளையத்தில் பஸ் ஏறுகிறவர் காதில் படையின் சத்தம் எதுவும் விழுவதில்லை, அது ஊர்ப் பெயர், அவ்வளவுதான். பழந்தமிழில் 'பாடி' என்ற சொல்லுக்கும் படைமுகாம் என்ற பொருள் உண்டு. முருகனின் கோயில்களைப் படைவீடு என்கிறோம். மருதமலையை ஏழாவது படைவீடு என்று கோவைக்காரர்கள் அன்போடு சேர்த்துக்கொள்கிறார்கள். படை தங்கிய இடத்தின் பெயர் குடும்பம் தங்கும் இடத்துக்கு வருவது நம் மொழிக்குப் பழகின வழக்கம். 'லைன்' அந்த வழக்கத்தில் கடைசியாக வந்து சேர்ந்தது. பாளையம் நம் சொல்லாக இருந்து நம் ஊராயிற்று. லைன் அயல் சொல்லாக வந்து நம் வீடாயிற்று.

பட்டாளத்திலிருந்து இந்தச் சொல் ஏறிப்போன இடம் மலை. 1830களிலிருந்து இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன ஆட்களுக்குத் தோட்டத்துரைமார் வரிசைக் கொட்டகைகளைப் போட்டார்கள். பட்டாளத்துப் பழக்கத்தில் அவற்றுக்கு 'கூலி லைன்ஸ்' என்று பெயர். 1869இல் காப்பி இலையில் துருநோய் கண்டு, சில ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. செடி மாறியும் வீடு மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே ஓர் அறைக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதற்குள் அடுப்பு, படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம்.

அங்கேதான் இந்தச் சொல் தமிழாகவே மாறியது. 'லைன்' என்பதில் உள்ள ஐகாரத்தை 'அய்' என்று விரித்தால் 'லயன்'. இறுதி னகரம் மகரமானால் 'லயம்'. அறம் அறன் ஆவதும் நிலம் நிலன் ஆவதும் நம் இலக்கணத்தில் கடைப்போலி. இலக்கணம் படிக்காத தோட்டத் தொழிலாளி அதே போலியைத் திருப்பிப் போட்டு ஓர் ஆங்கிலச் சொல்லை மரம், குளம் போன்ற சொற்களின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். சேர்த்ததும் அது நம் சொல்லைப் போலவே உருபு ஏற்றது. மரத்தில் என்பதுபோல லயத்தில், குளத்து மீன் என்பதுபோல லயத்து வீடு. 'அத்து' என்ற சாரியை ஏறிவிட்ட பிறகு அந்தச் சொல்லை அயல் சொல் என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. மலேசிய ரப்பர்த் தோட்டங்களிலும் தமிழர்கள் 'லயம்' என்றே சொன்னார்கள். குதிரை கட்டும் லாயத்திலிருந்துதான் லயம் வந்தது என்று மனம் கசந்து சொல்கிறவர்களும் உண்டு. சொல் அங்கிருந்து வரவில்லை. கசப்புக்குக் காரணம் இருந்தது.

லயத்தின் ஓர் அறைக்கு அங்கே 'லயன் காம்பரா' என்று பெயர். காம்பரா போர்த்துக்கீசியம், அறை என்று பொருள். இங்கிலீஷ்காரர் வருவதற்கு முன்பே போர்த்துக்கீசியர் கடற்கரையில் விட்டுப்போன சொல் அது. தமிழ்க் குடும்பம் ஒன்று நாலைந்து தலைமுறையாகக் குடியிருந்த இடத்தின் பெயரில் இரண்டு பாதியும் வெளிநாடு.

ஒரு தேயிலைத் தோட்டத்தில் எத்தனை வகை வீடு என்று பார்த்தால் ஆங்கிலம் வீட்டுச் சொற்களை எப்படிப் பங்கிட்டது என்பது தெரியும். குன்றின் மேல் துரைக்குப் பங்களா. வங்காளத்துக் குடிசை மாதிரியைக் குறித்த சொல் அது, ஆங்கிலத்துக்குப் போய் மாளிகையாகித் திரும்பிவந்தது. நடுவில் கணக்கப்பிள்ளைக்கும் டீமேக்கருக்கும் குவார்ட்டர்ஸ். பள்ளத்தில் ஆட்களுக்கு லயம். மூன்றுமே ஆங்கிலம் தந்த பெயர்கள், மூன்றும் மூன்று படி. எந்தப் பெயர் யாருக்கு என்று தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குப் பேசத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். லைன் வீடு என்று சொல்ல இன்று நம் பிள்ளைக்கு ஏற்படும் கூச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. சொல்லில் பிழை இல்லை. அதைக் கீழ்ப்படியில் வைத்தவர்கள் வைத்த இடம் அப்படி.

நமக்குப் பக்கத்திலேயே ஆனைமலை இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. அந்தத் தோட்டங்களில் 1940களில் மருத்துவராக வேலை பார்த்த பால் ஹாரிஸ் டேனியல், அங்கே முந்தின தலைமுறைத் தொழிலாளர்கள் பட்டதை ஒரு நாவலாக எழுதினார். 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் 1969இல் வந்தது. கோவையைச் சேர்ந்த இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். 2013இல் வந்த 'பரதேசி' படத்துக்கு ஆதாரமும் அதுதான். லைன் வீட்டை ஆங்கிலத்தில் விவரிக்க முடியுமா என்று கேட்கிற மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். ஒரு மருத்துவர் தாம் தினமும் நுழைந்து வந்த அறைகளை, வெளியூர் வாசகருக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுதிக்காட்டியிருக்கிறார்.

தோட்டத் தொழிலாளருக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. அதன் பிறகு லைன் என்பது துரையின் தயவு அல்ல, தொழிலாளியின் உரிமை. ஆனால் அந்த உரிமை வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை வேறு. 1964 அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன, இன்று அது டான்டீ. கோத்தகிரியிலும் கூடலூரிலும் வந்து இறங்கிய அந்தக் குடும்பங்கள் 'லயம்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தன. பாட்டன் காலத்தில் 'லைன்' ஆகப் போனது, பேரன் காலத்தில் 'லயம்' ஆகத் திரும்பியது.

கோவையின் லைன் மலையிலிருந்து இறங்கியதா, பட்டாளத்திலிருந்து நேராக வந்ததா? என் கணிப்பில் நேராக வந்தது. ஒலியே அதற்குச் சாட்சி. மலையிலிருந்து வந்திருந்தால் இங்கேயும் லயம் என்றுதான் சொல்லியிருப்போம். இங்கே இன்றும் அது 'லைன்', உருபு ஏற்றால் 'லைன்ல', அத்துச் சாரியை ஏறவே இல்லை. எழுத்தில் பார்த்து, ஆபீஸில் கேட்டு, போலீஸ் லைனையும் மில் குவார்ட்டர்ஸையும் கண்ணால் கண்டு எடுத்துக்கொண்ட சொல்லின் தடம் அது.

1888இல் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் தொடங்கியது, ஊரில் அதற்கு ஸ்டேன்ஸ் மில் என்று பெயர். 1910இல் லட்சுமி மில். ஆனால் ஆலைகள் கூட்டம் கூட்டமாக எழுந்தது 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு. அவினாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் ஊருக்கு வெளியே சோளக்காடாக இருந்த இடங்களில் சங்கு ஊதத் தொடங்கியது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் மழை பொய்த்தவர்கள் ஷிப்டுக்கு வந்தார்கள். ஷிப்டு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு இராத்திரி பதினோரு மணிக்கு நடந்துபோய்ப் படுக்க, மில்லுக்குப் பக்கத்திலேயே ஓரிடம் வேண்டியிருந்தது. சில மில்கள் தாமே வீடு கட்டின. மிச்சத்தைக் கட்டியவர்கள் பக்கத்து நிலக்காரர்கள். கிணறு வற்றின காட்டில் வெள்ளாமையைவிட வாடகை உறுதியான வருமானம். சிங்காநல்லூரிலும் ஒண்டிப்புதூரிலும் பீளமேட்டிலும் இப்படி லைன் எழுந்தது. பின்னாளில் பவுண்டரிக்கும் பம்ப்செட் பட்டறைக்கும் கிரைண்டர் கம்பெனிக்கும் வந்தவர்கள் அதே லைன்களில் குடியேறினார்கள்.

அப்போது இங்கே வேறு சொல்லே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, 'வளவு'. சுற்றி வளைத்த இடம், ஒரு வாசலைச் சுற்றி நிற்கும் வீடுகளின் தொகுதி. யாழ்ப்பாணத்தில் வீடும் அதைச் சுற்றிய காணியும் வளவு. செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றம் வளவு. சிங்களத்தில் இதே ஒலியுள்ள 'வளவ்வ' பெருங்குடிகளின் மாளிகையைக் குறிக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பல குடித்தனங்கள் சேர்ந்த இடத்தை இன்றும் வளவு என்கிறார்கள். கொங்கிலும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. பிறகு ஏன் மில் தொழிலாளியின் வரிசை வீட்டுக்கு அது ஒட்டவில்லை?

கொங்கு வளவுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சாதிப் பெயர் நிற்கும். வளவில் இருப்பவர்கள் பங்காளிகள், இல்லையென்றால் ஒரே சாதிக்காரர்கள். 'எந்த வளவு' என்று கேட்டால் 'நீ யார்' என்று கேட்பதாகவே பொருள். லைனுக்கு முன்னால் நிற்பது கட்டினவர் பெயர், அல்லது மில்லின் பெயர், அல்லது பக்கத்துக் கோயிலின் பெயர். அதில் குடியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லை. ஒரு வீட்டில் உடுமலைக்காரர், அடுத்த வீட்டில் தேனிக்காரர், அதற்கடுத்து திருநெல்வேலிக்காரர். ஒரே குழாயடி, ஒரே வாசல். வீடு கொடுக்கும்போது 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்கும் வழக்கம் இந்த ஊரில் ஒழிந்துவிடவில்லை, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் உறவில்லாதவர்கள் அடுத்தடுத்து வாழும் இடத்துக்கு உறவுக்காரச் சொல் பொருந்தாது. மக்கள் அதை உணர்ந்தே வேறு பெயர் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

மற்ற ஊர்களும் இதே தேவைக்கு வெவ்வேறு பெயர் தேடின. சென்னையில் ஒண்டுக்குடித்தனம், சில இடங்களில் ஸ்டோர். மதுரையில் காம்பவுண்டு வீடு. இந்தக் காம்பவுண்டு வேடிக்கையான பயணி. மலாயில் குடியிருப்பைக் குறிக்கும் 'கம்போங்' என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் காம்பவுண்டு ஆனது என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. அது ஆசியச் சொல், ஆங்கில உடுப்பில் மதுரைக்கு வந்திருக்கிறது. பம்பாயில் 'சால்', மில் தொழிலாளிகளின் மாடி வரிசை. ஒவ்வொரு பெயரும் வீட்டின் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. ஒண்டுக்குடித்தனம் நெருக்கடியைச் சொல்கிறது, காம்பவுண்டு சுற்றுச்சுவரைச் சொல்கிறது, லைன் வரிசையைச் சொல்கிறது.

கொங்கு வீட்டின் மற்ற பகுதிகளுக்கு நல்ல பெயர்கள் இருந்தன. முன்கட்டில் ஆசாரம், நடுவில் மழை விழும் தொட்டிக்கட்டு, பின்னால் பொடக்காளி, காட்டுக்குள் சாளை, வேலிகளுக்கு நடுவே இட்டேரி. லைன் வீட்டில் இவை எதற்கும் இடமில்லை. ஆனால் பொடக்காளி என்ற சொல்லை மட்டும் லைன் வீட்டுப் பெண்கள் விடவில்லை. பின்கதவைத் திறந்தால் மூன்றடிச் சந்து, அதில் பாத்திரம் கழுவும் கல், கயிற்றில் துணி. அதுவும் பொடக்காளிதான். முருங்கையும் மாட்டுக்கொட்டகையும் இருந்த இடத்தின் பெயரை அந்த மூன்றடிக்கு வைத்து அழைக்கிறவர்களை நான் மதிக்கிறேன்.

மறுபடியும் ஆங்கில வகுப்பு. அந்தப் பிள்ளை என்ன சொல்லலாம்? 'லைன் ஹவுஸ்' என்று மட்டும் சொன்னால் வெளிநாட்டவருக்கு விளங்காது, அது உண்மை. இலங்கை ஆங்கிலத்தில் 'லைன் ரூம்' என்பது வழக்கில் உள்ள சொல், செய்தித்தாளிலும் ஆய்வு நூலிலும் அச்சாகிறது. அதனால் 'லைன் ஹவுஸ்' என்று தயங்காமல் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் விளக்கிவிடலாம். ஒரே வரிசையில் எட்டு வீடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு அறை, வாசலும் குழாயும் எல்லாருக்கும் பொது, அம்மா பக்கத்து மில்லில் வேலை பார்க்கிறார். இதற்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்தவை. ரோ, ஷேர், யார்டு, டேப். லிவிங் ரூமையும் லானையும் மனப்பாடம் செய்து இல்லாத வீட்டை விவரிப்பதைவிட இது நல்ல ஆங்கிலம். கேட்கிறவர் மறுகேள்வி கேட்பார், பேச்சு வளரும். பயிற்சி அதற்காகத்தானே?

இதில் ஒரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். சரவணம்பட்டி, வடவள்ளிப் பக்கம் கட்டுமானக் கம்பெனிகள் 'ரோ ஹவுஸ்' என்று விளம்பரம் வைக்கின்றன. ஒட்டி ஒட்டி ஒரே அமைப்பில், ஒரே வரிசையில் நிற்கும் சொந்த வீடுகள், முன்னால் கார் நிறுத்த இடம். ரோ என்றாலும் வரிசை, லைன் என்றாலும் வரிசை. அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கம், வங்கிக் கடனில் மட்டும் வெகுதூரம். ரோ ஹவுஸில் வளரும் குழந்தை ஆங்கில வகுப்பில் அதன் பெயரைச் சொல்லக் கூசாது.

லைன் வீடுகளின் இன்றைய பெரிய ஊர் திருப்பூர். பனியன் கம்பெனிகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு அடுத்தபடியாக இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வரும் இளைஞர்கள் அந்த வரிசைகளில் குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரரும் அவர்களும் பேசிக்கொள்வது பாதி தமிழ், பாதி இந்தி, நடுநடுவே இங்கிலீஷ். அறைக்கு அவர்கள் சொல்லும் சொல் 'கம்ரா'. போர்த்துக்கீசியர் விட்டுப்போன அதே சொல் வடக்கே போய் இந்தியில் கம்ராவாயிற்று, தெற்கே இலங்கையில் காம்பராவாயிற்று. தேயிலை மலையில் ஒன்றாக இருந்த லயனும் காம்பராவும் இப்போது திருப்பூரில் மறுபடி ஒரே வாசலில் நிற்கின்றன. "லைன்ல ஒரு கம்ரா காலி இருக்கு" என்று வீட்டுக்காரர் சொல்கிறார், வந்த பையனுக்கு அது புரிந்துவிடுகிறது.